கூடிச் சமைத்துக் கூடி உண்ணல்

இவ்வாண்டு மலரில் நாம் எடுத்துக்கொண்ட பாடம் சமையலைப் பற்றியது. ஆனால் இது சமையற் குறிப்பு அன்று. பல குடும்பங்கள் கூடி வாழும் இடத்தில் பொது உணவை எவ்வாறு ஒழுங்குசெய்வது என்பதே பாடம். அன்பு இருந்தால் போதும், மற்றவை தாமே நடைபெறும் என்று பலர் எண்ணுவர். அன்போடு ஒரு முறைப் பட்டியலும் வேண்டும் என்பதை ஈண்டு விளக்க முற்படுவோம்.

ஐரோப்பாவின் வடபால் டென்மார்க் என்னும் சிறு நாடு உள்ளது. 1960ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு நகர்ப்புறக் குடும்பங்கள் பல, அண்டை அயலாரை அறியாது தனித்தனியே வாழ்ந்தன. 1964இல் யான் குட்மண் ஹோயர் என்னும் கட்டடக் கலைஞர், பொது மனை ஒன்றைச் சூழ்ந்து பல வீடுகள் அமையும் குடியிருப்பொன்றைத் தம் நண்பர்களுடன் திட்டமிட்டார். 1967இல் போடில் கிராவே என்னும் பெண்மணி, குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்னும் தலைப்பில் நாளிதழில் கட்டுரை வரைந்தார். அதனைப் படித்த குடும்பங்கள் பல ஒன்று சேர்ந்தன. 1972இல் சேட்டடாமன் என்னும் பெயரில் 27 வீடுகள் கொண்ட முதற் குடியிருப்பு எழுந்தது.

நூறு பெற்றோர் என்னும் கருத்து தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய்மார், தம் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் நம்பி விட்டுச் சென்றனர். லயத்தின் ஒரு கோடியில் அழுத பிள்ளையை மறு கோடியில் இருந்தவர் தூக்கினார். ஆனால் அடுப்பு மட்டும் வீட்டுக்கு வீடு தனியாகவே எரிந்தது. அந்த அடுப்பின் முன் நின்றவர், பால்வெட்டிக் களைத்து வந்த அதே தாய்தான்.

டென்மார்க்குக் குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டிலும் தனிச் சமையலறை உண்டு. விரும்புவோர் தம் வீட்டிலேயே சமைத்து உண்ணலாம். அதனோடு பொது மனையில் பெரிய சமையற்கூடமும் உணவுக்கூடமும் உள்ளன. தலைநகர்க்கு வடக்கே 1981இல் 33 வீடுகளுடன் அமைந்த ட்ரூடெஸ்லுண்ட் குடியிருப்பு, பொது மனை மாலை உணவுக்குப் பெயர் பெற்றது. அங்கே வளர்ந்தோர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ மாதம் ஒருமுறை சமைப்பர். மற்ற மாலைகளில் அமர்ந்து உண்பர்.

இஃது எவ்வாறு இயலும்? மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க. ஒரு குடியிருப்பில் வளர்ந்தோர் 60 பேர் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு இருவர் சமைத்தால், 60ஐ 2ஆல் வகுக்க 30 நாள் ஆகும். ஆகவே ஒருவருக்கு 30 நாளில் ஒரு நாளே முறை வரும். அந்த ஒரு நாள் உழைப்பு கடியதே. அறுபது பேருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் சமைக்க வேண்டுமல்லவா? ஆயினும் எஞ்சிய 29 மாலைகள் ஒரு தாய்க்கு ஓய்வாகின்றன. அந்நேரத்தில் அவர் பிள்ளையின் பாடத்தைப் பார்க்கலாம். தாமும் ஒரு நூலைப் படிக்கலாம்.

இக்கணக்கு பலிக்க வேண்டுமாயின் சில விதிகள் இன்றியமையாதன.

முதலாவது, முறைப் பட்டியலில் ஆண் பெண் இருபாலார் பெயரும் இடம்பெறல் வேண்டும். மேற்கண்ட கணக்கில் பெண்கள் 30 பேர் மட்டுமே சமைத்தால், ஒவ்வொருவருக்கும் 15 நாளுக்கு ஒருமுறை முறை வந்துவிடும். ஆடவர் பெயரை நீக்கினால் பெண்டிர் சுமை இருமடங்காகும் என்பதைக் கணக்கே காட்டுகின்றது.

இரண்டாவது, உண்ண வருவோர் ஓரிரு நாள் முன்னரே தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். எத்தனை இலை என்று அறியாமல் உலை வைத்தால், சோறு மிஞ்சும்; அன்றேல் கடைப் பந்தியில் அமர்ந்தவர் பசியோடு எழுவார்.

மூன்றாவது, தம் முறையன்று வர இயலாதவர் பிறரோடு நாளை மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் நின்றுவிடல் ஆகாது.

நான்காவது, சமைப்பவரே அன்றைய உணவைத் தீர்மானிப்பார். உப்புக் குறைந்ததென்று முகம் சுளிப்பவர்க்கும் ஒரு நாள் முறை வரும்!

ஐந்தாவது, செலவுக் கணக்கை எல்லாரும் காண எழுதி வைத்தல் வேண்டும். ஒரு நாள் செலவு 180 வெள்ளி. உண்டவர் பெரியோர் 40 பேர், சிறுவர் 10 பேர் என்க. சிறுவர்க்கு அரைப் பங்கு எனில், மொத்தம் 45 பங்கு. பங்குக்கு 4 வெள்ளி. சிறுவர்க்கு 2 வெள்ளி. கணக்கு வெளிப்படையாயின் ஐயத்திற்கு இடமில்லை.

முதியோர்க்கும் இம்முறை பெருந்துணையாகும். சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 1993இல் ஃபேர்ட்க்னெப்பன் என்னும் அடுக்குமாடி இல்லம் 43 வீடுகளுடன் திறக்கப்பட்டது. பிள்ளைகள் வளர்ந்து பிரிந்து சென்ற நடுவயதினரும் முதியோரும் அங்கு வாழ்கின்றனர். வாரநாள்களில் மாலை உணவு பொதுவில் நடைபெறும். குழுக்கள் வாரமுறை வைத்துச் சமைக்கும். பந்திக்கு நாள்தோறும் வரும் ஒருவர் ஒரு மாலை வராவிடில், அவர் கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இருக்கும்.

பல சமயத்தார் கூடி வாழுமிடத்தில் ஒரே உலை ஒத்துவருமா என்று சிலர் வினவலாம். அதற்கு விடை தமிழர் வாழ்ந்த ஓர் இடத்திலேயே உள்ளது. 1910இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில், அறப்போரில் சிறை சென்றோரின் குடும்பங்களைக் காக்கும்பொருட்டுக் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை அவர் நண்பர் காலன்பாக் வாடகையின்றி அளித்தார். தமிழரும் குசராத்தியரும் பிறரும் அங்கே தங்கினர். அவருள் இந்துக்கள், இசுலாமியர், கிறித்துவர், பார்சியர் இருந்தனர். புலால் உண்பது தங்கள் வழக்கமாயினும், பொதுச் சமையலின்பொருட்டு இசுலாமிய, கிறித்துவப் பெண்கள் மரக்கறி உணவுக்கு மனமுவந்து இசைந்தனர். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். தத்தம் கலத்தைத் தாமே கழுவினர். பொதுப் பாத்திரங்களைக் குழுக்கள் முறைவைத்துத் துலக்கின. அங்கும் முறையே ஒற்றுமையைக் காத்தது.

இனி நம் நிலையை நோக்குவோம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. லயத்தில் பத்து வீட்டுப் பேரையும் அறிந்திருந்தவர், இன்று எதிர்வீட்டுக் கதவின் பூட்டை மட்டுமே அறிவார். கோயில் திருவிழாவில் அன்னதானம் சிறப்பாக நடைபெறுகின்றது; ஆனால் அண்டாவின் அருகில் ஆண்டுதோறும் அதே நான்கைந்து பேரையே காண்கின்றோம். அவர்கள் ஓய்ந்தால் அடுப்பும் ஓய்ந்துவிடும்.

ஆதலின் சிறிதாகத் தொடங்குவோம். ஒரு மாடியில் அல்லது ஒரு லயத்தில் எட்டுக் குடும்பங்கள் சேரட்டும். சனிக்கிழமை மாலை மட்டும் பொது உணவு. வாரத்திற்கு இரு குடும்பங்கள் சமைத்தால், ஒரு குடும்பத்திற்கு நான்கு வாரத்தில் ஒருமுறையே வேலை. சோறு, சாம்பார், ஒரு பொரியல் போதும்; விருந்து வேண்டா. சமைக்கும் குடும்பத்தில் தந்தை தேங்காய் துருவட்டும். பிள்ளைகள் வெங்காயம் உரிக்கட்டும். தனியே வாழும் பாட்டி தாத்தாவின் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதுக. அவர்களையும் சும்மா அமர்த்த வேண்டா. கீரை ஆய்வதற்கு அவர்களைவிடத் தேர்ந்தவர் யார்?

மாணவர்க்குப் பயிற்சி:

1. 24 பேர் உள்ள ஒரு குடியிருப்பில் நாளொன்றுக்கு மூவர் சமைத்தால், ஒருவருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை முறை வரும்?

2. ஒரு மாலைச் செலவு 96 வெள்ளி. உண்டவர் பெரியோர் 20 பேர், சிறுவர் 8 பேர். சிறுவர்க்கு அரைப் பங்கு எனில், ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய தொகை என்ன?

3. உங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுதும் ஒவ்வொரு வேளையும் சமைத்தவர் யார், பாத்திரம் துலக்கியவர் யார் என்று பட்டியல் எழுதுக. எழுதி முடித்தபின், அதனைக் குடும்பத்தார் அனைவரும் கேட்கும்படி உரக்கப் படிக்க.