சங்கற்பம் நிலைபெறும் வழி

கார்த்திகை முதல் நாளன்று திருக்கோயில்களில் மாலை அணியும் அன்பர்கள் பலர். அன்று முதல் புகையிலை இல்லை, மது இல்லை, கடுஞ்சொல் இல்லை. விடியற்காலையில் நீராடி, இருவேளையும் சரணம் கூறி, தரையில் துயின்று, ஒரு மண்டல காலத்தை மிகுந்த கட்டுப்பாட்டுடன் கழிக்கின்றனர். மலைக்குச் சென்று தரிசித்துத் திரும்பி மாலையைக் கழற்றிய சில நாட்களுக்குள்ளாகவே, அவருள் சிலர் பழைய வழக்கத்திற்கு மீண்டுவிடுகின்றனர். அடுத்த கார்த்திகை எப்பொழுது வரும் என்று இல்லத்தரசியும் மக்களும் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் வீடுகள் ஊர்தோறும் உள்ளன.

இதனைக் கொண்டு விரதத்தால் பயனில்லை என்று கூறுதல் பொருந்தாது. 41 நாட்கள் ஒருவரால் மதுவைத் தொடாமல் இருக்க முடிந்தது என்பதே, அது அவரால் இயலும் என்பதற்குப் போதிய சான்றாகும். குறை மன உறுதியில் இல்லை. எதற்காக விட்டார் என்பதில்தான் குறை உள்ளது. யாத்திரைக்காக விட்ட பழக்கம் யாத்திரை முடிந்ததும் திரும்பி வருகிறது. தம் குழந்தைகள் அச்சமின்றித் தம் அருகில் வந்து அமர வேண்டும் என்பதற்காக விட்டவருக்கோ, அந்த நோக்கம் முடிவுறும் நாள் என்று ஒன்று இல்லை.

உயிரின் இவ்வியல்பைச் சைவ சித்தாந்தம் நுட்பமாக ஆராய்ந்துள்ளது. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பது அதன் முடிபு. செம்மலரின் பக்கத்தில் வைத்த பளிங்கு செம்மையாகவும், நீல மலரின் பக்கத்தில் வைத்தபொழுது நீலமாகவும் தோன்றுதல் போல, தீய பழக்கத்தைச் சார்ந்த உயிர் அதுவாகவே நிற்கும். நல்லதைச் சார்ந்தால் அதன் தன்மையைப் பெறும். குளத்தில் கல்லை எறிந்தால் பாசி விலகித் தெளிந்த நீர் தோன்றும். சிறிது நேரத்தில் பாசி மீண்டும் வந்து மூடும். ஒரு நாள் எழுச்சி என்பது எறிந்த கல் போன்றது.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டதேவர் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தில், சாதனத்தைக் கூறும் பகுதி பயனைக் கூறும் பகுதிக்கு முன்னே வைக்கப்பட்டுள்ளது. அதில் எட்டாம் சூத்திரம், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனைப் போல் ஐம்புலன்களிடையே வளர்ந்து அயர்ந்த உயிருக்கு, அது யார் என்பதைக் குரு உணர்த்துவதைக் கூறுகிறது. உணர்ந்த அளவில் காரியம் முடிந்துவிட்டது என்று அந்நூல் நிறுத்தவில்லை. ஒன்பதாம் சூத்திரம் திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுதலைக் கூறுகிறது. பழைய வாசனை மீண்டும் வந்து பற்றாமல் இருக்க அன்றாடப் பயிற்சி வேண்டும் என்பதே அவ்வைப்பின் கருத்தாகும்.

இந்தச் சிவஞானபோதத்திற்கு 1935ஆம் ஆண்டில் உரை கண்டவர்களுள் ஒருவர், மணியாச்சியைச் சூழ்ந்த கரிசல் சீமையில் பிறந்து, அச்சீமையிலேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழர் என்று அவரை அறியாதார் இலர். சித்தாந்த நூலுக்கு உரை எழுதிய வ.உ.சி.யை அறிந்தவர் மிகக் குறைவு.

மணியாச்சி சந்திப்பில் நின்று பார்த்தால், அவருடைய வாழ்க்கையின் ஊர்கள் அனைத்தும் சுற்றிலும் அமைந்திருத்தல் விளங்கும். அவர் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த ஒட்டப்பிடாரம் அருகிலேயே உள்ளது. கப்பல் கம்பெனி கண்ட தூத்துக்குடிக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. அவரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்த திருநெல்வேலிக்கு மற்றொன்று செல்கிறது. வடக்கே, பிற்காலத்தில் அவர் வழக்கறிஞராய் அமர்ந்த கோவில்பட்டி. செண்பகவல்லி அம்பாள் உடனுறை பூவனநாதசுவாமி எழுந்தருளியிருக்கும் அத்திருத்தலத்திற்கு வரும் அன்பர்களுள் பலர், அவர் அவ்வூரில் வாழ்ந்ததை அறியாமலே திரும்புகின்றனர்.

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. 1908 மார்ச்சில் அவர் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் இரண்டு ஆயுள் தண்டனைகள், ஆக 40 ஆண்டுகள், விதிக்கப்பெற்றன. பின்னர் மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். அவர் சிறையில் இருந்தபொழுதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் பறிபோயிற்று. செல்வம், தொழில், இயக்கம், உடல்நலம் ஆகிய அனைத்தும் நான்கைந்து ஆண்டுகளில் கைவிட்டுப் போன ஒருவர், எஞ்சியதை வைத்துக் கொண்டு என் செய்தார் என்பதே இங்குக் கற்கத்தக்கது. கப்பலோடு அவருடைய வரலாற்றை முடித்துவிடுபவர்கள் இப்பகுதியை இழந்துவிடுகின்றனர்.

ஆங்கில நூலாசிரியர் ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட ஒரு சிறு நூலை அவர் சிறைவாசத்தின்போது தமிழில் ஆக்கினார். மனம் போல வாழ்வு என்பது அதன் பெயர். மனிதன் எவ்வாறு இடைவிடாது எண்ணுகிறானோ அவ்வாறே அவனுடைய ஒழுக்கமும் சூழ்நிலையும் உடலும் அமைகின்றன என்பது அந்நூலின் கருத்து. நோக்கத்தோடு சேராத எண்ணம் பயன் தராது என்பதற்கு அதில் ஓர் இயலே உண்டு. சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் கோட்பாட்டை அறிந்த தமிழருக்கு இது அயலானதாகத் தோன்றாது. ஆயினும் சூழ்நிலை முழுவதும் எண்ணத்தின் விளைவே என்று அந்நூல் கூறுவதை அப்படியே கொள்ளுதல் அரிது. செக்கடியில் நின்றவர் அந்நிலையைத் தம் தீய எண்ணத்தால் அடைந்தார் என எவர் சொல்வர்? அவ்விடத்தில் நின்று என்ன எண்ணுவது என்பது மட்டுமே அவர் வசம் இருந்தது.

அதே சிறையில் 1910ஆம் ஆண்டில் தொல்காப்பியத்தைக் கற்கத் தொடங்கினார். பொருள் எளிதில் விளங்கவில்லை. விடுதலைக்குப் பின்னும் அக்கல்வி தொடர்ந்தது. ஆண்டுகள் பல கடந்து, இளம்பூரணர் உரையை அவர் பதிப்பித்து வெளியிட்டார். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தொடரும் முயற்சிக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கண்ணனூர்ச் சிறையில் அவர் இயற்றி 1914இல் வெளிவந்த மெய்யறம் என்னும் நூலின் அமைப்பும் கருதத்தக்கது. 125 அதிகாரங்கள்; மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகள். நாட்டிற்காகச் சிறை சென்றவர் அரசியலை முதலில் வைக்கவில்லை. மெய்ப்பொருளை நாடியவர் மெய்யியலை முதலில் வைக்கவில்லை. கற்க வேண்டியதைக் கற்று, இல்லத்தை நடத்தி, அதன்பின் நாடு, அதன்பின் துறவு, அதன்பின் மெய் என்று நிரல்படுத்தினார். இறுதியானது உயர்ந்தது, எனினும் முதற்கண் செய்ய வேண்டியது அதுவன்று. பக்திநெறியில் நிற்போர் பலர் இங்கேயே தடுமாறுகின்றனர். தலத்துக்குத் தலம் யாத்திரை செல்பவர் வீட்டில் முதிய பெற்றோரின் மருந்துக்குப் பொருளில்லாத நிலையை விட்டுச் செல்வாராயின், அவருடைய நிரல் தலைகீழாக உள்ளது.

1912 டிசம்பரில் விடுதலையாகி வெளிவந்த வ.உ.சி.யும் இல்வாழ்வியலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. சென்னையில் மண்ணெண்ணெய்க் கடை நடத்தினார். கடுமையான வறுமையைக் கண்டார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மைந்தருக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் வழக்குகளை நடத்திக்கொண்டே தமிழ்ப்பணியையும் விடாது செய்தார். கப்பல் கம்பெனி மீண்டும் எழவில்லை. அதனை மீட்பதிலேயே எஞ்சிய 24 ஆண்டுகளையும் செலவிட்டிருந்தால், உரைகளும் பதிப்புகளும் கிடைத்திரா.

பலவற்றுள் ஒன்றைத் தேர்தல் என்பதைக் கரிசல் நிலத்து உழவர் நன்கு அறிவர். மானாவாரி நிலத்தில் ஈரம் அளவுடையது. வடகிழக்குப் பருவமழை நின்றபின், மண் உள்ளே காத்து வைத்த ஈரத்தைக் கொண்டே பயிர் விளைய வேண்டும். ஆகையால் களையைப் பறிப்பதோடு நில்லாமல், நெருங்கி முளைத்த நல்ல பயிரையும் கலைத்துவிடுவர். பச்சைப் பசேலென நிற்கும் நாற்றைப் பிடுங்க மனம் வராதுதான். பிடுங்காது விட்டால் அத்தனையும் கருகும். ஒரே நாளில் காபியை விடுவது, அதிகாலையில் எழுவது, திருமுறை பாராயணம், கடன் அடைப்பு, உடற்பயிற்சி என ஐந்தையும் மேற்கொள்ளும் அன்பர் ஒரு மாதத்தில் ஐந்தையும் இழக்கிறார். இவற்றுள் எதுவும் களையன்று. யாவும் நல்ல நாற்றுகளே. எனினும் எதனை விட்டால் குடும்பம் துன்புறுமோ அதனை மட்டும் இவ்வாண்டுக்கு நிறுத்தி, ஏனையவற்றை அடுத்த பருவத்திற்கு ஒதுக்குதல் வேண்டும்.

நிறுத்திய ஒன்றை எவ்வாறு மேற்கொள்வது என்பதற்குத் திருக்கோயிலில் நாள்தோறும் நிகழும் அர்ச்சனையே வழிகாட்டுகிறது. சங்கற்பத்தில் அர்ச்சகர் ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று காலத்தை வரையறுத்து, வேண்டுபவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கூறி, எதன் பொருட்டு இவ்வழிபாடு என்பதையும் சொல்கிறார். “நன்றாக இருக்க வேண்டும்” என்று பொதுவாக அது முடிவதில்லை. பெரும்பாலோர் தட்டை நீட்டிவிட்டு வேறெங்கோ பார்த்து நிற்கும் அந்தச் சில நொடிகளில், ஒரு தீர்மானத்திற்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் சொல்லப்பட்டுவிடுகின்றன: எக்காலம், எவ்விடம், யார், எதற்கு.

இவ்வாறே ஓர் அன்பர் தம் தீர்மானத்தையும் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளலாம். இனிச் சிக்கனமாக இருப்பேன் என்று எழுதுவதைவிட, மகளின் கல்விச் செலவுக்காக ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலையில் அஞ்சலகச் சேமிப்பில் இன்ன தொகையைச் செலுத்துவேன் என்று எழுதுதல் நன்று. அத்தாளைப் பூசையறையில் விபூதித் தட்டின் கீழ் வைத்து, மாலை விளக்கேற்றி ஐந்தெழுத்தை ஓதும்பொழுது ஒருமுறை எடுத்து வாசிக்கலாம். செய்த நாளுக்கு நேரே ஒரு புள்ளியும், தவறிய நாளுக்கு நேரே காரணமும் குறித்து வரலாம். ஒரே காரணம் மூன்று முறை வருமாயின், வாக்கியத்தில் காலத்தையோ தொகையையோ மாற்றி, அடுத்த பிரதோஷத்தன்று புதிதாக எழுதி வைக்கலாம்.