மழைக்கு முன்பே போன 11 நாட்கள்

2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. மெஷினில் பாகங்களைப் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸ்சர் செய்து கொடுக்கும் எங்கள் சிறிய பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஒரு கம்பெனிக்கு டிசம்பர் 8-ம் தேதி போக வேண்டிய மூன்று ஃபிக்ஸ்சர்கள் பெஞ்சின் மேல் பாதி வேலையில் நின்றன. அவை போய்ச் சேர்ந்தது 27-ம் தேதி. "மழை சார்" என்றேன். அவர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் என் மனசு கேட்கவில்லை. ஜனவரியில் ஜாப் கார்டுகளை எடுத்து வைத்து நாள் நாளாகக் கணக்குப் போட்டேன். மழை தின்றது 14 நாள். அதற்கு முன்பே நாங்களாகத் தின்றது 11 நாள். அந்த 11 நாளை விடாமல் இருந்திருந்தால், டிசம்பர் 2-ம் தேதியே சரக்கு டெம்போவில் ஏறியிருக்கும். மழை எங்கள் பட்டறையைத்தான் நனைத்திருக்கும், ஆர்டரை அல்ல.

அந்த 11 நாள் எப்படிப் போனது? அக்டோபரில் ஒருநாள் வி.எம்.சி. மெஷின் ஓட்டும் தம்பி வந்து, "அண்ணே, இந்த பின் ஓட்டை ரெண்டு டிராயிங் ஷீட்டுல வேற வேற அளவா இருக்கு" என்றான். "கம்பெனிக்கு மெயில் போட்டுடு, பதில் வரட்டும்" என்றேன். மெயில் போனது. பதில் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. ஆறு நாள் கழித்து அழைத்தபோது, இரண்டே நிமிடத்தில் அளவு சொன்னார்கள். இன்னொரு ஐந்து நாள் ஒரு லொகேட்டிங் பிளேட்டில் போனது. ஹார்டனிங்குக்குப் போகும் பிளேட் லேசாக வளையும். பிறகு கிரைண்டிங்கில் எடுக்க 0.3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். விடவில்லை. புதுப் பிளேட் வெட்டி, மறுபடி ஃபர்னஸ் வரிசையில் நின்றோம்.

வெளியிலிருந்து வரும் தடை சத்தத்தோடு வரும், எல்லோருக்கும் தெரியும், மன்னிப்பும் கிடைக்கும். உள்ளே நடப்பது சத்தமில்லாமல் நாளைத் தின்னும். அதனால் இப்போது டிராயிங்கில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே போன். பேசி முடித்த பிறகுதான் மெயில். பதில் வராத கேள்விகளை, யார் கேட்க வேண்டும் என்ற பெயரோடு, டீ குடிக்கும் இடத்துப் போர்டில் எழுதி வைக்கிறோம். ஒவ்வொரு மெஷின் புரோகிராமும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதிலும் நான் விட்டுக் கொடுப்பதில்லை.

ஹார்டனிங் செய்து தரும் ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்காரரிடம் "எப்போ கிடைக்கும்?" என்று கேட்டால் "நாளைக்கு" என்பார். பொய் இல்லை, ஒரே ரகத்து ஸ்டீல் சேர்ந்து ஃபர்னஸ் நிறைந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். "எந்த லோடில் போகிறது, அது நிறைய இன்னும் எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான தேதி வரும்.

வெளித் தடைகளிலும் பாதிக்கு மேல் காலண்டரில் இருப்பவைதான். தீபாவளிக்கு நம் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். அடுத்த சில நாட்களில் சத் பூஜை, அதற்கு பீகார் தம்பிகள் கிளம்புவார்கள். 2023-ல் நவம்பர் 12 தீபாவளி, 19 சத் பூஜை. அந்த மாதம் முழு ஆளோடு பட்டறை ஓடியது சில நாட்கள்தான். மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்து விடுகிறார்கள். பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை நடந்த காலத்தில், காலை ஆறரைக்குள் பேட்டையை விட்டுக் கிளம்பாத டெம்போ மதியத்துக்குத்தான் போய்ச் சேரும் என்பது எங்கள் டிரைவருக்கு மனப்பாடம். வடகிழக்குப் பருவமழையும் அப்படித்தான்: எந்த நாள் கொட்டும் என்று தெரியாது, எந்த மூன்று மாதம் என்று தெரியும். 2015 வெள்ளத்திலும் பார்த்தோம். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுக்கும் ஆர்டர்களுக்கு பத்து நாள் கூட்டித்தான் தேதி கொடுக்கிறேன். இரண்டு ஆர்டர் அதனால் கை நழுவியது. வருத்தம்தான், ஆனால் தேதியை மாற்றவில்லை.

தாமதம் தெரிந்த அன்றே கஸ்டமரிடம் சொல்லி விடுங்கள். பத்து நாள் முன்னால் சொன்னால் அவர்கள் தங்கள் லைனை மாற்றி வைத்துக்கொள்வார்கள்; முந்தின நாள் சொன்னால் கோபப்படத்தான் முடியும்.

தாழ்வான இடத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் முடிவதற்குள் பேனல் போர்டையும் மோட்டார்களையும் தரையிலிருந்து உயர்த்தி விடுங்கள். 2023-ல் தண்ணீர் வடிந்த பிறகும் மெஷின் ஓடாமல் கிடந்தது, நனைந்த பேனலைக் காய வைத்து மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்ய வேண்டியிருந்ததால்தான். தண்ணீர் நின்ற கோடு எங்கள் சுவரில் இன்னும் இருக்கிறது. பேனல் இப்போது அதற்கு ஒன்றரை அடி மேலே, இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது.