இல்லத்தின் நறுமணமும் உள்ளத்தின் அமைதியும்

கண் காண்பதும் காது கேட்பதும் நம் உள்ளத்தை மாற்றுகின்றன என்பதை நாம் அறிவோம். மூக்கின் வழியே உள்ளே செல்வதும் அவ்வாறே மாற்றுகிறது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வியாழன் மாலை மஃரிபு நேரத்தில் சாம்பிராணி போடும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. பிள்ளை பெற்ற தாயின் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். திருமண வீட்டில் பன்னீர் தெளிக்கிறோம். பெருநாளில் அத்தர் பூசுகிறோம். இவை நம் உள்ளத்திற்கு என்ன செய்கின்றன, எந்த முறையில் செய்வது நன்மை தரும் என்பதை இங்கு பார்ப்போம்.

நபிவழியில் நறுமணம்

இவ்வுலகப் பொருள்களில் தங்களுக்கு விருப்பமாக்கப்பட்டவற்றுள் நறுமணமும் ஒன்று என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். யாரேனும் நறுமணம் கொடுத்தால் அவர்கள் மறுப்பதில்லை. இவ்விரு செய்திகளையும் அறிவித்தவர்கள் ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள்.

வீட்டில் புகை போடுவதற்கும் முன்மாதிரி இருக்கிறது. ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் சில வேளை அகில் கட்டையைத் தனியாகப் புகைப்பார்கள். சில வேளை அதனுடன் கற்பூரத்தையும் சேர்ப்பார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வாறே செய்தார்கள் என்றும் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். ஜும்ஆவுக்குச் செல்பவர் முதலில் குளித்துத் தம்மால் இயன்றவரை தூய்மை செய்துகொள்ள வேண்டும். பிறகுதான் எண்ணெய் தடவுவதும், வீட்டில் இருக்கும் நறுமணத்தைப் பூசுவதும். பள்ளிவாசல்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் கட்டளையிலும் துப்புரவு முதலில் வருகிறது. மணம் அடுத்து வருகிறது. ஆகவே அழுக்கை மறைப்பதற்கு நறுமணம் ஏற்பட்டதல்ல. ஈரத்துணி நாற்றமும் சாக்கடை நாற்றமும் இருக்கும் வீட்டில் நான்கு ஊதுபத்தி கொளுத்தினால் தலைவலிதான் மிஞ்சும்.

மணம் எவ்வாறு மனத்தைத் தொடுகிறது?

மூக்கின் மேற்பகுதியில் மணத்தை உணரும் நரம்பணுக்கள் இருக்கின்றன. மனிதனுக்கு இவற்றில் ஏறத்தாழ 400 வகை வாங்கிகள் உண்டு. இவ்வாங்கிகளுக்குரிய மரபணுக்களை ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் என்னும் இரு அறிஞர்கள் 1991-ல் கண்டு வெளியிட்டனர். அதற்காக 2004-ல் நோபல் பரிசும் பெற்றனர்.

பார்வையும் ஒலியும் மூளையில் 'தலாமஸ்' என்ற இடைநிலையத்தைக் கடந்த பிறகே மற்றப் பகுதிகளுக்குச் செல்கின்றன. மணமோ அந்நிலையத்திற்காகக் காத்திராமல், அச்சம், மகிழ்ச்சி முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புள்ள 'அமிக்டலா'வையும், நினைவைப் பதித்து வைக்கும் பகுதிகளையும் விரைவில் அடைந்துவிடுகிறது. இதனால்தான் பாட்டியாரின் பெட்டியைத் திறந்ததும் வரும் மணம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய நாளொன்றை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. 2020-ல் பரவிய கொரோனா நோயில் மணமறியும் ஆற்றலை இழந்த பலர், உணவில் சுவை போனதோடு மனச்சோர்வும் அடைந்தனர். இழந்தபோதுதான் அந்த அருட்கொடையின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்தது.

திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. மகனின் சட்டையோடு கூட்டத்தார் புறப்பட்டதுமே, யூசுஃபின் வாடையை நுகர்வதாக அந்தத் தந்தை கூறினார்கள். அது நபிமார்களுக்கு அல்லாஹ் வழங்கிய அற்புதம். எனினும், பிரிந்த பிள்ளையின் துணியை முகத்தோடு அணைத்துக்கொள்ளும் எந்தத் தாய்க்கும் அந்த வசனத்தின் பொருள் விளங்கும்.

மணம் மட்டும் போதுமா?

நறுமணம் ஆன்மாவுக்கு உணவு என்ற கருத்தை இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருதய மருந்துகளைப் பற்றித் தனி நூல் எழுதிய இப்னு சீனா, உள்ளத்தை மகிழ்விக்கும் பொருள்களில் மணப்பொருள்களைச் சேர்த்திருக்கிறார். குந்திரிக்கப் பிசினிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் எலிகளின் பதற்றத்தைத் தணித்ததாக 2008-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் எலிக்குக் கொடுத்த மருந்தும், நம் வீட்டில் எழும் புகையும் ஒன்றாகிவிடா.

நாம் அறிய வேண்டிய முக்கியமான செய்தி வேறு. ஒரு மணம் நமக்கு இன்பம் தருவதும் துன்பம் தருவதும் பெரும்பாலும் அது எந்த நிகழ்ச்சியோடு சேர்ந்து நம்முள் பதிந்தது என்பதைப் பொறுத்தது. மஃரிபுக்குப் பின் தகப்பனார் பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஓதிக்கொடுக்கும் வீட்டில், சாம்பிராணி மணம் அப்பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் அமைதியின் மணமாக இருக்கும். அதே நேரத்தில் பெற்றோர் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் வீட்டில், அதே சாம்பிராணி அச்சத்தின் மணமாகிவிடும். சாம்பிராணியை நாம் கடையில் வாங்கலாம். அதனோடு சேரும் நினைவை நம் நடத்தைதான் கொடுக்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் மையித்தின் அருகில்தான் ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். மற்ற நாள்களில் அதைத் தொடுவதில்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊதுபத்தி மணமே மரண பயமாகிவிடுகிறது. மகிழ்ச்சியான நாள்களிலும், சாதாரண நாள்களிலும் அந்த மணம் வீட்டில் இருந்தால் இவ்வச்சம் குறையும்.

துக்கத்திற்கும் ஓர் எல்லை

அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் தந்தை அபூ சுஃப்யான் (ரலி) இறந்தார்கள். மூன்றாம் நாள் அன்னையவர்கள் நறுமணத்தைக் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதில் அப்போது நாட்டமில்லை. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். மற்றவருக்காக மூன்று நாளுக்குமேல் துக்கம் கடைப்பிடிக்கலாகாது என்ற நபிகளாரின் கட்டளைக்காகவே பூசினார்கள். கண்ணீர் மூன்று நாளில் நின்றுவிடும் என்பது இதன் பொருளல்ல. உள்ளம் இன்னும் அழுதுகொண்டிருந்தாலும் வாழ்க்கைக்குத் திரும்பும் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும். அந்த அடி ஒரு துளி நறுமணமாக இருந்தது என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

1. வீட்டைப் பெருக்கித் துடைத்து, காற்றும் வெயிலும் உள்ளே வரச் செய்த பிறகே மணம் ஊட்டுங்கள்.

2. எந்தப் புகையும் நுரையீரலுக்கு ஆகாத நுண்துகள்களைக் கொண்டது. சன்னல்களைத் திறந்து வைத்து, சிறிதளவே போடுங்கள். ஆஸ்துமா நோயாளி, கைக்குழந்தை, கர்ப்பிணி ஆகியோர் இருக்கும் அறையில் தவிர்த்துக்கொள்ளுங்கள். பன்னீரும் பூக்களும் அவர்களுக்குப் போதும்.

3. தணலை அணைக்காமல் உறங்காதீர்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்தபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

4. கற்பூரத்தைச் சிறுவர் கைக்கு எட்டவிடாதீர்கள். அதை விழுங்கினால் வலிப்பு வரும்.

5. புகையே ஷைத்தானை விரட்டும் என்று எண்ண வேண்டாம். சூரத்துல் பகரா ஓதப்படும் வீட்டை விட்டு ஷைத்தான் ஓடுகிறான் என்பது ஹதீஸ். புகை அந்த ஓதலுக்கு ஈடாகாது.

6. வாரக்கணக்கில் தூக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, எதிலும் பிடிப்பின்றி ஒருவர் துயருற்றால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

7. விலையுயர்ந்த அத்தருக்காகக் கடன்படாதீர்கள். அது வீண்விரயம். முற்றத்து மல்லிகையும் மருக்கொழுந்தும் ஏழை வீட்டையும் மணக்கச் செய்யும்.

நல்ல நண்பனைக் கஸ்தூரி வைத்திருப்பவனுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். அவனிடம் எதுவும் வாங்காவிட்டாலும் நல்ல மணமாவது நமக்குக் கிடைக்கும். கணவன் மனைவிக்கும், தாய் பிள்ளைகளுக்கும், மாமியார் மருமகளுக்கும் அத்தகையவர்களாக இருந்தால், மணம் ஊட்டிய அவ்வீட்டில் மனமும் அமைதி பெறும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைத் தூய்மையாலும் நறுமணத்தாலும், நம் உள்ளங்களை அன்பாலும் ஈமானாலும் நிரப்பி அருள்வானாக! ஆமீன்.