டெபாசிட் போனாலும் ஏன் நிற்கிறார்கள்?

கேள்வி: சி.பி.ஐ. (எம்.எல்.) லிபரேஷன், எஸ்.யு.சி.ஐ. போன்ற சின்னக் கட்சிகள் தோற்போம் என்று தெரிந்தே ஏன் போட்டியிடுகின்றன?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஒட்டன்சத்திரத்தில் 1996 முதல் 2021 வரை ஆறு தேர்தலிலும் தி.மு.க.வின் அர. சக்கரபாணிக்கே வெற்றி. சின்னக் கட்சி மட்டுமல்ல, பெரிய கட்சியே அங்கே மூச்சு வாங்குகிறது!

சட்டமன்றத்துக்கு டெபாசிட் பத்தாயிரம். பட்டியல் வகுப்பினருக்கு ஐயாயிரம். செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் பணம் போச்சு. உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணம் என்பதால் வலி கொஞ்சம் அதிகம். ஆனால் காய்கறி மார்க்கெட் வாசலில் நின்று கூலி, விலை, நிலம் பற்றிப் பேச, தேர்தல் நேரத்தில்தான் நாலு பேர் காது கொடுக்கிறார்கள்.

கூட்டணி சேர்ந்தால் கதை வேறு. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியில் நின்று இரு பெரிய கம்யூனிஸ்ட் கட்சிகளும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. தி.மு.க. அணியில் 2021-ல் ஆளுக்கு இரண்டு. 2024-ல் உங்கள் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியே மார்க்சிஸ்ட் வேட்பாளர் சச்சிதானந்தத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வாக்களித்தது. அதில் அரிவாள் சுத்தியலுக்காகவே விழுந்த ஓட்டு எத்தனை என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.