தீராத சோர்வுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையா?

கேள்வி: எந்நேரமும் அடித்துப் போட்டதுபோல் உடம்பு அசதி. தூங்கி எழுந்தாலும் போவதில்லை. 'க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்' என்கிறார் டாக்டர். தோழி ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். சாப்பிடலாமா?

பதில்: முதலில் ஒன்று. உங்களுடையது சோம்பலோ மனப்பிரமையோ அல்ல, உண்மையான நோய். வீட்டாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இந்த நோயாளிகளில் பலருக்கு, ஆன்டிஆக்ஸிடன்ட்கள் தணிக்கும் என்று கருதப்படும் 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' (செல்களைத் தாக்கும் வேதி மாற்றம்) கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. கோஎன்சைம் க்யூ10 என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சிலருக்குச் சற்றே தெம்பு தந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதை மட்டும் நம்பி மாதாமாதம் பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். வைட்டமின், தாது மாத்திரைகள் இந்நோயைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

'வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்?' என்ற நினைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது: பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டுமென்றால் மாத்திரைக்குப் பதில் நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பரிசோதனைகள் செய்தாயிற்றா? இல்லையென்றால் உடனே செய்யுங்கள். அவற்றில் குறை தெரிந்தால் சரிசெய்ய நல்ல மருந்து உண்டு. மாத்திரையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், அடுத்த முறை டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.