தடைக்காலத்தில் எழுதியவை

கேள்வி: கைக்குழந்தை, மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமில்லாத வீடு. இடையிடையே எழுதுகிறேன். என் கதைகள் புத்தகமாகுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: ஆகும் என்றே நம்புகிறேன், சகோதரி. நாவலாசிரியர் தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்தபடியே தமிழில் எழுதியவர், படித்ததோ மலையாளத்தில். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலானபோது நாற்பதைக் கடந்திருந்தார். 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

நீங்கள் அனுப்பிய கதையில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்க, மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டுப் பணத்தை எண்ணுகிறாரே, அந்த இடம் அபாரம். கடைசிப் பத்தி அறிவுரையை மட்டும் வெட்டிவிடுங்கள். படி எடுத்து வைத்துக்கொண்டு சிற்றிதழ்களுக்கு அனுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு கதை சேர்ந்ததும் பதிப்பகத்தை அணுகலாம். அச்சிடப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குழந்தைக்குப் பால் வாங்குங்கள்.