மேலாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வு: இளையர்களுக்கு ஒரு பாடம்

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. சாங்கிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் 12 ஆண்டுகளாக மேற்பார்வையாளர். மேலாளர் பதவிக்காக இருமுறை நேர்முகத் தேர்வுக்குச் சென்றும் கிடைக்கவில்லை. "எனக்குப் பின்னால் வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள் சார். மூன்றாவது தடவை போகலாமா, வேண்டாமா என்றே தெரியவில்லை" என்றார். குரலில் கசப்பு இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், வயதான தாயார்.

"சென்ற முறை என்ன கேட்டார்கள் தம்பி?" என்றேன்.

குழுவில் சிக்கல் ஏற்பட்ட ஒரு சமயத்தைப் பற்றிக் கூறும்படி கேட்டார்களாம். அவருடைய பதில்: "ஓர் இரவு ஆள் பற்றாக்குறை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து கஷ்டப்பட்டு முடித்தோம்."

35 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். மாணவனுக்கு விடை தெரியும் என்று எனக்குத் தெரிந்தாலும், தாளில் எழுதாததற்கு மதிப்பெண் போட முடியாது. இன்றைய நேர்முகத் தேர்வும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியே புள்ளியிடுகிறார்கள். இதற்குக் காரணமும் உண்டு. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மனம்போனபடி உரையாடிப் பார்ப்பதைவிட, இப்படி வரையறுத்துக் கேட்பதே ஒருவரின் பிற்காலத் திறனை நன்கு கணிக்கிறது என்று கண்டனர். 2022இல் சாக்கெட் குழுவினர் அக்கணக்குகளைத் திருத்தியபோது, மற்றத் தேர்வு முறைகளை எல்லாம் முந்தி இது முதலிடத்துக்கு வந்தது.

ஆகவே, அந்த இரவில் உண்மையில் என்ன நடந்தது என்று துருவிக் கேட்டேன். விவரம் வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. 14 பேரில் மூன்று பேர் எம்.சி. காலை விமானத்துக்கு மருந்துப் பெட்டிகள் போயாக வேண்டும். இவர் வாடிக்கையாளர் இருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவசரமில்லாத சரக்கை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். எண்ணிக்கை சரிபார்க்கும் பொறுப்பை, வேலைக்கு வந்து இரண்டே மாதமான ஒரு பையனிடம் நம்பிக் கொடுத்து, பக்கத்தில் ஓர் அனுபவசாலியை நிறுத்தினார். மறுமாதம் வேலை அட்டவணையையே மாற்றியமைத்தார். அதன்பின் அப்படி ஓர் இரவு வரவில்லை.

"இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?"

"தற்பெருமை மாதிரி இருக்குமே சார்."

நம் வீடுகளில் அடக்கமாகப் பேச வேண்டும் என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று சொன்னால், முடிவெடுத்தவர் யார் என்பது தேர்வாளருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்தவன் நான். 1994இல் துறைத்தலைவர் பொறுப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "அவருடைய வேலையையும் நானே செய்து முடித்துவிடுவேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்! பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஓரவஞ்சனை என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறரைக் கொண்டு வேலையை நடத்தத் தெரியுமா என்பதே கேள்வி என்று பிற்பாடுதான் விளங்கியது.

எனவே, தயாராகும்போது முதலில் வேலை விளம்பரத்தை எடுத்து, அதில் கேட்கும் ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். ஐந்தாறு போதும். என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் எடுத்த முடிவு என்ன, யாரிடம் எதை ஒப்படைத்தீர்கள், என்ன விளைந்தது என்ற வரிசையில் இருக்கட்டும். நிலைமையை விவரிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும், கவனம். எழுதியதில் ஒன்றாவது தோல்வியாக இருக்க வேண்டும். அதையும் கேட்பார்கள். அப்போது பழியைக் கீழே வேலை செய்பவர் மீது போட்டால் ஆட்டம் முடிந்தது. மனப்பாடம் செய்யாதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்குள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாராவது கேட்டால் நல்லது.

இறுதியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்கள். "இல்லை" என்று எழுந்துவிட வேண்டாம். முதல் ஆறு மாதத்தில் இந்தப் பதவியில் இருப்பவர் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் எனக் கேட்கலாம். உடை, நேரந்தவறாமை பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மாணவர் மூன்றாம் முறையும் சென்றார். மாலையில் தொலைபேசியில் அழைத்தார். "அந்த ராத்திரிக் கதையைச் சொன்னேன் சார். போன தடவை பேனாவையே தொடவில்லை, இந்தத் தடவை மூன்று பேரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்" என்றார். மேலாளர் பதவி இம்முறையும் வேறொருவருக்குத்தான் போனது. ஆனால் துணை மேலாளராக அவரை நியமித்திருக்கிறார்கள். அந்தப் பையன் இப்போது அவருடைய பழைய இடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறான்.